மலை ஓடைத்தேரை: காட்டில் தேடியதும் தோட்டத்தில் செய்ததும்

வயநாட்டு மலைகளில் நடக்கும் தவளை, தேரைக் கணக்கெடுப்புகளுக்குச் சில மழைக்காலங்களாகத் தன்னார்வலராகப் போய்வருகிறேன். நான் ஆராய்ச்சியாளன் இல்லை. கூடலூர் பக்கம் கொஞ்சம் தேயிலை, ஊடே மிளகு, நிலத்தின் கீழ் எல்லையில் ஒரு ஓடை. அவ்வளவுதான் என் தகுதி. போனது ஒரு குறிப்பிட்ட தேரையைப் பார்த்துவிடும் ஆசையில். ஆனால் அங்கே கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி பயன்பட்டது என் சொந்த ஓடையில்தான். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். மலையில் நிலம் வைத்திருப்பவர்களுக்கும், இப்படி ஒரு கணக்கெடுப்புக்குப் போக நினைப்பவர்களுக்கும் ஏதாவது உதவினால் சரி.

முதலில் அந்தத் தேரை. அறிவியல் பெயர் காட்டோஃபிரைன் ரூபிஜினா. எங்கள் குழுவில் ஓடைத்தேரை என்போம். கட்டைவிரல் நீளத்துக்குள் அடங்கிவிடும் உடம்பு, மெலிந்த கைகால், செம்பழுப்பு நிறம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. அங்கும் பசுமைமாறாக் காட்டின் பாய்ச்சலான ஓடைகளை ஒட்டித்தான். 1981இல் கேரளத்தின் சைலண்ட் வேலி பள்ளத்தாக்கிலிருந்து பிள்ளை, பட்டாபிராமன் என்ற இரண்டு விலங்கியலாளர்கள் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே ஓடும் குந்திப்புழை ஆற்றில் மின்திட்டத்துக்கு அணை கட்டலாமா கூடாதா என்று நாடே சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். போராட்டத்தின் முகமாக இருந்தது சிங்கவால் குரங்கு. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது, மறுவருடம் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆனது. குரங்குக்காகக் குரல் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இந்தத் தேரையைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? ஆனாலும் ஓடை தப்பித்தது, தேரையும் தப்பித்தது.

ஆரம்பத்தில் இதைத் தென்கிழக்காசியாவின் ஆன்சோனியா என்ற தேரைப் பேரினத்தில் சேர்த்திருந்தார்கள். 2009இல் தவளை ஆராய்ச்சியாளர் எஸ்.டி. பிஜுவும் அவருடைய சகாக்களும் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்து, இது தனிக் கிளை என்று சொல்லிப் புதுப் பேரினமே வகுத்தார்கள். பாய்ச்சலான ஓடையில் பிழைக்க வேண்டிய கட்டாயம்தான் தூரத்து உறவுகள் இரண்டையும் ஒரே சாயலுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். இதே பேரினத்தில் குடகின் பிரம்மகிரி மலையைச் சேர்ந்த இன்னொரு தேரையும் உண்டு. அதை 1876லேயே குந்தர் என்ற விலங்கியலாளர் விவரித்துவிட்டார்.

நம் ஓடைத்தேரையைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2004 மதிப்பீட்டில் அழிவாய்ப்புள்ள இனமாக வைத்தது. காரணம் எளிது: இருக்கும் இடங்கள் சில, அந்த இடங்களின் காடும் சுருங்குகிறது. உலக நிலவரமும் இதற்கு ஒத்துத்தான் இருக்கிறது. 2023இல் வெளியான இரண்டாவது உலக மதிப்பீட்டில் தவளை, தேரை போன்ற 8,011 நீர்நில வாழ்வினங்களைப் பரிசீலித்தார்கள். ஏறத்தாழ 41 சதவீதம் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தது. முதுகெலும்புள்ள உயிர்களில் இவ்வளவு மோசமான நிலையில் வேறு கூட்டம் இல்லை.

நாங்கள் எந்த ஓடையில் பார்த்தோம் என்று எழுதப்போவதில்லை. இது பந்தாவுக்காக அல்ல. அபூர்வமான ஒரு பிராணி இன்ன இடத்தில் இருக்கிறது என்று ஒரு படம் வெளியானால் போதும், அடுத்த மழைக்கு ஐந்தாறு வண்டிகளில் கேமராக்காரர்கள் வந்து இறங்கிவிடுகிறார்கள். ஒவ்வொருவரும் கல்லைப் புரட்டுகிறார்கள். நல்ல கோணம் கிடைக்க வேண்டும் என்று தேரையைத் தூக்கிப் பாசி படிந்த இன்னொரு பாறையில் வைக்கிறார்கள். உயிரினங்களைப் பார்த்ததைப் படத்தோடு பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளங்கள் ஆபத்திலுள்ள இனங்களின் இடக்குறிப்பைத் தாங்களாகவே மங்கலாக்கிவிடும். ஆனால் நம் கைப்பேசி எடுத்த படத்துக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பு, நாம் அதை ஒரு குழுவில் கோப்பாக அனுப்பும்போது அப்படியே போய்ச் சேரும். கணக்கெடுப்புக்குப் போகும் நாட்களில் கேமராவின் இடக்குறிப்பை அணைத்துவிட்டு, ஆயத்தொலைவுகளைக் குறிப்பேட்டில் மட்டும் எழுதுங்கள். இது ரகசியம் காக்கிற வேலை இல்லை, வெறும் ஒழுங்கு.

அனுமதி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டுக்குள், அதுவும் இரவில், வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. அனுமதி இருக்கும் குழுவோடு ஒட்டிக்கொள்வதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு வழி. கூடவே அந்தக் காட்டைத் தெரிந்த ஆள் வேண்டும். எங்களோடு வந்தவர் காட்டுநாயக்கர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு சேட்டன். அவர் தவளை பார்க்க வந்தவரல்ல, யானை பார்க்க வந்தவர். ஓடை இரைச்சலில் யானை கிளை முறிக்கிற சத்தம் நமக்குக் கேட்காது. அவர் ஓடையிலிருந்து விலகிக் கரைமேல் நின்றுகொண்டு, நாங்கள் ஒரு வளைவு தாண்டும்போதெல்லாம் விளக்கை இரண்டு தடவை அணைத்துக் காட்டுவார். இந்த ஏற்பாடு இல்லாமல் இரவு ஓடையில் இறங்குவது அசட்டுத்தனம்.

இப்போது வேலைக்கு வருவோம். புதிதாக வருபவர்கள் சொதப்பும் முதல் இடம் அட்டை. காலில் மூக்குப்பொடி, உப்பு, சுண்ணாம்பு, டெட்டால் என்று ஆளுக்கொன்றைத் தடவிக்கொண்டு வருவார்கள். காட்டுப் பாதையில் அது உங்கள் பாடு. ஆனால் அந்தக் காலோடு ஓடையில் இறங்கினால் எல்லாம் தண்ணீரில் கரையும். தவளையும் தேரையும் தோலால் நீரை உறிஞ்சும், தோலால் சுவாசிக்கவும் செய்யும். நம் காலில் தடவியது அதன் உடம்புக்குள் போகும் என்றுதான் அர்த்தம். கொசு விரட்டிக் களிம்பு பூசிய கையும் அப்படித்தான். நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறை போதும். மீறி ஏறினால் நகத்தால் நெம்பி எடுத்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான். அட்டை கடித்து யாரும் செத்ததில்லை.

இரண்டாவது, செருப்பும் பூட்ஸும். கைட்ரிட் என்றொரு நீர்ப்பூஞ்சை இருக்கிறது. 1998இல் அடையாளம் கண்ட இந்தப் பூஞ்சை, ஆஸ்திரேலியாவிலும் மத்திய, தென் அமெரிக்காவிலும் மலை ஓடைத் தவளைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பதிவாகியிருக்கிறது. அங்கே நடந்ததுபோன்ற பெருஞ்சாவு இங்கே பதிவாகவில்லை. அதற்காக ஒரு ஓடையின் சேற்றை இன்னொரு ஓடைக்கு நாம் சுமந்துபோக வேண்டியதில்லை. எங்கள் வழக்கம் இது: ஓடையை விட்டு நன்றாகத் தள்ளி வந்து, முதலில் பிரஷ்ஷால் சேற்றை முழுக்கத் தேய்த்து எடுப்போம். சேறு இருந்தால் பிளீச்சிங் கரைசல் வேலை செய்யாது, அதனால் தேய்ப்பதுதான் முக்கியம். அப்புறம் கரைசலில் ஊறவைத்து, அலசி, வெயிலில் சுக்காகக் காயவைப்போம். இந்தப் பூஞ்சைக்கு உலர்ந்த இடம் ஆகாது. மழைக்காலத்தில் பூட்ஸ் எங்கே காயும் என்று கேட்பீர்கள். அதனால்தான் ஆளுக்கு இரண்டு ஜோடி, ஒரு இரவுக்கு ஒரு ஓடை என்று வைத்துக்கொண்டோம்.

மூன்றாவதுதான் கல். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

கல்லுக்குள் தேரைக்கும் படியளப்பவன் இருக்கிறான் என்று நம் வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். ஓடைத்தேரையின் விஷயத்தில் படி என்பது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் சந்துதான். பகலில் ஒதுங்குவது அதில். ஈரம் நிற்பது அதில். எறும்பு, பூச்சிப்புழு ஊர்வதும் அதில்தான். வெளியே கொட்டுகிற வெள்ளத்தில் ஆளே நிற்க முடியாத இரவிலும் சந்துக்குள் தண்ணீர் சும்மா நெளிந்துகொண்டிருக்கும். ஒரு கல்லைப் புரட்டிவிட்டு ஏனோதானோ என்று போட்டால் அந்தச் சந்து போயிற்று. மேல்பக்கம் பாசி, அடிப்பக்கம் பூச்சிக்கூடு என்று வருஷக்கணக்கில் ஒட்டிக்கொண்டது தலைகீழாகிவிடும். எங்கள் விதி: பாதி புதைந்த கல்லைத் தொடவே கூடாது, தளர்வாகக் கிடப்பதை நம் பக்கமாக மட்டும் தூக்கி, உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, அதே குழியில் அதே முகமாக இறக்க வேண்டும். நம் பக்கமாகத் தூக்குவதில் இன்னொரு காரணமும் உண்டு. அடியில் பாம்போ தேளோ இருந்தால் அது எதிர்ப்பக்கமாக வெளியேறும், நம் கால்மேல் அல்ல. மழைக்காலத்தில் மலபார் குழிவிரியன் ஓடைப் பாறைகளிலும் தாழ்ந்த கொப்புகளிலும் அசையாமல் கிடக்கும். பச்சை, பழுப்பு, மஞ்சள் என்று பல நிறங்களில் வருவதால் கண் பழகுவதே கிடையாது. கையை வைக்கும் முன் விளக்கை வைக்க வேண்டும்.

நாங்கள் ஓடைத்தேரையைப் பார்த்தது கல்லைப் புரட்டி அல்ல என்பது ஒரு வேடிக்கை. மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஓடைக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையின் சாரல் படும் பக்கத்தில், பெரணி வேருக்கு ஒட்டினாற்போல், உலர்ந்த இலைத் துணுக்கு போலத்தான் தெரிந்தது. விளக்கை நேராக அடிக்காமல் சற்றுத் தள்ளி அடித்தபோது தொண்டை துடிப்பது தெரிந்தது. முதுகெங்கும் சின்னச் சின்னச் சொரசொரப்பு. முன்கால் விரல்களைப் பாறையில் அகட்டி வைத்திருந்தது. ஒவ்வொரு தடவை சாரல் விழும்போதும் உடம்பைக் கொஞ்சம் தாழ்த்தி, அப்புறம் நிமிர்ந்தது. எங்கள் குழுவில் மூத்தவரான அக்கா, "யாரும் கிட்டப் போகாதீங்க, முதல்ல வெப்பம் எடுத்துக்கோங்க" என்றார். எல்லோரும் கேமராவை எடுக்கப்போன நேரத்தில் அவர் தண்ணீரின் வெப்பநிலையை அளக்கச் சொன்னது அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு நினைத்துப் பார்த்தால் தேரை எங்கும் ஓடிவிடவில்லை. நாங்கள் நின்ற இடத்தின் நீர் வெப்பம், பாறைக்கும் நீருக்கும் உள்ள தூரம், மேலே இருந்த நிழல் எல்லாம் கலையாமல் பதிவாயிற்று.

அடையாளம் காண்பதில் ஒரு எச்சரிக்கை. "அபூர்வத் தேரை கிடைத்தது" என்று எனக்கு வருகிற படங்களில் பெரும்பாலானவை நம் வீட்டு முற்றத்துத் தேரையின் குட்டிகள். குட்டியாக இருக்கும்போது அதுவும் மெலிந்துதான் இருக்கும், சிவந்தும் இருக்கும். தலையைப் பாருங்கள். சாதாரணத் தேரைக்குக் கண்ணைச் சுற்றிக் கறுத்த விளிம்போடு எலும்பு முகடுகள் எழும்பியிருக்கும், கண்ணுக்குப் பின்னால் நஞ்சுச் சுரப்பி புடைத்திருக்கும். ஓடைத்தேரைக்கு அந்த முகடுகள் கிடையாது. சின்னக் குட்டியில் முகடு தெளிவாக இராது என்பதால், சந்தேகம் இருந்தால் "தேரை, இனம் தெரியவில்லை" என்று எழுதுவதே மரியாதை. மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், கால்விரல்களுக்கு ஒரு படம் இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

தேடிவிட்டு ஒன்றுமே கிடைக்காமல் திரும்பும் இரவுகள்தான் அதிகம். அதையும் எழுத வேண்டும்: எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எவ்வளவு நீளம் நடந்தோம், மழை இருந்ததா, என்னென்ன வேறு இனங்கள் கிடைத்தன. வெறுங்கையோடு வந்த இரவைப் பதிவு செய்யாவிட்டால், பத்து வருஷம் கழித்து ஒருவர் வந்து "இங்கே குறைந்துவிட்டதா?" என்று கேட்கும்போது பதில் இருக்காது.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. நாம் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாமல் மேலே கொட்டியிருக்கலாம். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, இரைச்சலின் தொனி கனத்தாலோ, பாதிப் பார்த்த கல்லை விட்டுவிட்டுக் கரையேறுங்கள். பையை எடுக்கவும் திரும்பக் கூடாது.

சரி, இத்தனை ஓடைகளைப் பார்த்ததில் என்ன தெரிந்தது? தேரையும் ஓடைத் தவளைகளும் நிறைந்திருந்த ஓடைகளில் தண்ணீர் அதிகம் என்று சொல்ல முடியாது. பெரிய அருவி இருந்த சில ஓடைகள் வெறிச்சோடிக் கிடந்தன. நிறைந்திருந்த ஓடைகளுக்குப் பொதுவாக இருந்தவை மூன்று: மேலே மூடிய நிழல், கல்லின் சந்துகளில் வண்டல் இல்லாத சுத்தம், கோடையிலும் அறுபடாத ஒரு நூல் தண்ணீர். இந்த மூன்றில் முதலில் கெடுவது இரண்டாவதுதான், யார் கண்ணிலும் படாமல் கெடுவதும் அதுதான்.

பாய்ச்சலான நீரில் வளரும் தலைப்பிரட்டைகளைப் பார்த்தால் வண்டல் ஏன் எமன் என்று புரியும். குளத்துத் தலைப்பிரட்டைபோல் அவை நீந்தித் திரிவதில்லை. வாயைப் பாறையில் பதித்து ஒட்டிக்கொண்டு, பாறைமேல் படரும் மெல்லிய பாசிப் படலத்தைச் சுரண்டித் தின்னும். ஊதா நிறத் தவளையின் தலைப்பிரட்டைகளை நனைந்த பாறையில் பார்த்தவர்களுக்குத் தெரியும்; கொட்டுகிற தண்ணீரில் அட்டைபோல ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பாறையின்மேல் விரல் நகத்தளவு செம்மண் படிந்தால் பிடியும் போச்சு, சாப்பாடும் போச்சு. சந்துகளும் அடைபடும். மேலே ஒரு ரிசார்ட்டுக்கு வழி வெட்டினால், கீழே மூன்று வளைவு தாண்டி ஓடையின் அடி முழுக்கச் சிவப்பாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஒரு வாரத்தில் தெளிந்துவிடும். எல்லோரும் சரியாகிவிட்டது என்று போய்விடுவார்கள். அடியில் படிந்த மண் அடுத்த பெருவெள்ளம் வரை அங்கேயே கிடக்கும். நீலகிரியில் பொக்லைன் ஓட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாட்டைத் திட்டாதவர்கள் எங்கள் பக்கம் குறைவு. எனக்கு அது மனிதர்களுக்கும் நல்லது என்றே தோன்றுகிறது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் நடந்த நிலச்சரிவுக்குப் பிறகு சரிவை வெட்டுவது பற்றி எங்கள் ஊர் டீக்கடையில்கூடப் பேச்சின் தோரணை மாறியிருக்கிறது.

இனி என் ஓடை. அங்கே ஓடைத்தேரை கிடையாது, வரும் என்றும் சொல்லவில்லை. இருநிறத் தவளையின் கறுத்த, கொழுத்த தலைப்பிரட்டைகள் மடுவில் கூட்டமாகச் சுற்றும். மழை தொடங்கினால் புதர்த்தவளைகள் டிக் டிக் என்று விடிய விடியக் கத்தும். ஓரத்துப் பாறையிடுக்கில் இரவுத்தவளைகள் உண்டு. இரவுத்தவளைகளில் பல இனங்கள் முட்டையைத் தண்ணீரில் இடாது. ஓடைக்கு மேலே சாய்ந்திருக்கும் இலையிலோ பாறையின் முகப்பிலோ இடும். பொரிந்ததும் தலைப்பிரட்டை நேராகத் தண்ணீரில் சொட்டும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஓடைக்கரையைச் "சுத்தம்" செய்யும் வழக்கத்தை நிறுத்தினோம். சாய்ந்த செடியும் பெரணியும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டாயிற்று. உண்ணிச்செடியை மட்டும் கையால் பிடுங்குகிறோம், அதுவும் வேரோடு கரை இடியாதபடி கொஞ்சம் கொஞ்சமாக. வெயில் விழுந்த இடங்களில் நாவல் வைத்தோம். பிடித்துக்கொண்டது. ஆனால் நிழல் தர இன்னும் சில வருஷம் ஆகும். அதுவரை காட்டுச்செடிகள் தரும் நிழலே பெரிது.

பெரிய வாக்குவாதம் களைக்கொல்லியில்தான். தேயிலையில் அடிப்பது பெரும்பாலும் கிளைபோசேட். அந்த மருந்தைக் காட்டிலும், இலையில் ஒட்டுவதற்காகப் பல தயாரிப்புகளில் சேர்க்கும் சோப்புத்தன்மையுள்ள பொருள்தான் தலைப்பிரட்டைக்குக் கூடுதல் நஞ்சு என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. மேல்தோட்டத்து அண்ணனிடம் ஓடையோரம் மட்டுமாவது அடிக்க வேண்டாம் என்று கேட்டேன்.

"தம்பி, கொழுந்து விலை இருக்கிற நெலமைக்குக் களை வெட்ட ஆள் விட்டா எனக்கு என்ன மிஞ்சும்? தவளைக்கு நான் கூலி கொடுக்கணுமா?"

நியாயமான கேள்வி. தவளையை வைத்து அவரிடம் பேசிப் பயனில்லை. ஆனால் அவர் வீட்டுக் குடிதண்ணீரும் அதே ஓடைதான், சற்று மேலே. அவருக்கு மேலே இன்னொருவர் இருக்கிறார், அவரும் அடிக்கிறார். "உங்களுக்கு மேல இருக்கிறவரும் நிறுத்தினா நிறுத்துவீங்களாண்ணா?" என்று கேட்டதும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. இப்போது மூன்று தோட்டத்திலும் ஓடைக்கு இரண்டு பக்கமும் நாலைந்து வரிசைச் செடிக்கு மருந்தில்லை, அரிவாள்தான். அந்தப் பட்டையின் கூலி பெரிய தொகை இல்லை என்பது அவர் கணக்குப் போட்டுச் சொன்னது, நான் சொன்னதல்ல. தெளிப்பானை ஓடையில் கழுவும் பழக்கத்தை நிறுத்துவதுதான் இன்னும் முழுதாக நடக்கவில்லை. ஆட்களுக்குத் தண்ணீர் கிடைக்கிற இடம் அதுதானே? மேட்டில் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைத்தால் அங்கேயே கழுவுகிறார்கள். வைக்க மறந்த நாளில் ஓடைக்கு வருகிறார்கள். ஆளைக் குறை சொல்வதைவிட டிரம்மை நிரப்புவது சுலபம்.

உரம் விஷயத்தில் சொல்ல அதிகமில்லை: கனமழை அறிவிப்பு இருந்தால் யூரியா போடாதீர்கள். காசும் ஓடையோடு போகிறது.

கோடைத் தண்ணீர்தான் எனக்கு மிகவும் கவலை. மாசி பங்குனியில் எங்கள் ஓடையைப் பார்த்தால் தண்ணீரைவிடக் கறுப்பு ஓஸ் குழாய்கள்தான் அதிகம் தெரியும். வீட்டுக்கொரு குழாய், மேலிருந்து இழுத்து வந்து தொட்டியில் விட்டிருப்பார்கள். தொட்டி நிறைந்த பிறகும் இரவு பகலாக வழிந்துகொண்டே இருக்கும். வழிவது முற்றத்தில் சேறாகுமே தவிர ஓடைக்குத் திரும்பாது. தொட்டியில் மிதவை வால்வு போடச் சொன்னார்கள், போட்டோம். வால்வு மூடியதும் குழாயில் அழுத்தம் ஏறி, நடுவழியில் இணைப்பு பிடுங்கிக்கொண்டு மொத்தத் தண்ணீரும் சரிவில் ஓடியது. பிளம்பர் ஒருவர் சொன்ன வழி பலித்தது. தண்ணீர் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன டிரம். ஓடைத் தண்ணீர் முதலில் அதில் விழும், அதன் அடியிலிருந்து கொஞ்சம் மேலே வீட்டுக் குழாய், மேல் விளிம்பில் ஒரு வழிவுக் குழாய். கீழே வால்வு மூடினால் மிச்சத் தண்ணீர் மேலேயே வழிந்து ஓடைக்குள் போய்விடும். மண் டிரம்மின் அடியில் தங்குவதால் வீட்டுக்கும் தெளிந்த தண்ணீர். டிரம்முக்குக் கீழே இருக்கும் இணைப்புகளுக்கு நல்ல கிளிப் போட்டு இறுக்கினால் போதும். அந்தக் கோடையில் மடு வற்றவில்லை. மழை கொஞ்சம் முன்னதாக வந்ததும் காரணமாக இருக்கலாம், முழுப் பெருமையையும் டிரம்முக்குக் கொடுக்க மாட்டேன்.

நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்யும் சில காரியங்களையும் சொல்ல வேண்டும். ஓடைக்குக் குறுக்கே சின்னத் தடுப்பணை கட்டினால் தவளைக்குக் குளம் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும், குளத்துத் தவளைக்கு. பாய்ச்சல் வேண்டிய இனங்களுக்குத் தேங்கிய நீரில் வண்டல்தான் கிடைக்கும். கொசுவுக்காக விடும் கம்பூசியா மீன் தலைப்பிரட்டையையும் தின்னும்; மலை ஓடையில் அதை விடாதீர்கள், தொட்டியில் வளர்ப்பதையும் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். வற்றுகிற மடுவிலிருந்து தலைப்பிரட்டைகளை அள்ளி வேறு ஓடையில் விடுவது பார்க்க இரக்கமாக இருக்கும். நோயைச் சுமந்துபோகும் நேர்வழியும் அதுவே. அதே ஓடையின் அடுத்த மடு என்றால் பரவாயில்லை. ஓடைத்தேரையைப் பிடித்து வளர்த்துப் பெருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு, வளர்த்ததை எந்த ஓடையில் விடுவீர்கள் என்பதே என் கேள்வி.

மலையில் உங்களுக்கும் ஒரு ஓடை இருந்தால், தேரை நிபுணர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மழைக்கு முன்பு ஒரு தடவை, மழை நடுவில் ஒரு தடவை, கோடை உச்சியில் ஒரு தடவை ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் படம் எடுங்கள். ஒரு கல்லைத் தொட்டுப் பாருங்கள், விரலில் மண் ஒட்டுகிறதா வழுக்குகிறதா என்று எழுதுங்கள். ஐந்து ரூபாய்ப் பேனாவை அடியில் கல்லுக்கிடையே செருகினால் எவ்வளவு போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் அதே இடத்தில் குறைவாகப் போனால் மேலே எங்கோ மண் சரிகிறது, ஏறிப்போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் ஓடையில் இந்த வருஷம் ஒரு வளைவில் அப்படிக் குறைந்திருக்கிறது. மேலே யாரோ மறுநடவுக்குச் செடி பிடுங்கியிருக்கிறார்கள் என்று கேள்வி. மழை பிடிக்கும் முன் வரப்பு போட்டு மேலே வைக்கோல் மூடாக்கு போடச் சொல்லி, மேல்தோட்டத்து அண்ணனையும் கூட்டிக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.